திருப்பிக் கொடுத்த கடையாணி

நீலியாற்றின் இருகரைக்கும் உரிமை பூண்டு, மும்மலைக்கும் காவல் கொண்டு, முன்னோர் ஏறிய கருங்கல் அரியணையில் வீற்றிருக்கும் குறுந்துறை நாட்டு அரசி குவளைமாதேவி, உப்புத்துறைக் கோட்டத்தில் தம் மருமகன் மாளிகையில் தங்கியிருக்கும் பெருமந்திரியும், மூவாயிரம் ஊர்க்கும் கண் என்று நம் கையாலேயே பட்டம் கட்டப்பெற்றவருமான கூத்தன் அழகியார்க்கு எழுதுவித்த ஓலை.

உப்புத்துறைக் கோட்டத்தார் நலமே வாழ்க. அவர்தம் பாத்திகள் வெள்ளையாய் விளைக. அவர்தம் படகுகள் போனபடியே கரை திரும்புக. அவர் வீட்டுப் பிள்ளைகள் பசியறியாது உறங்குக. இதன்பின் மழை குறைவறப் பெய்க என்று எழுதுவது நம் குலத்து மரபு. ஓலை எழுதும் பொன்னம்பியும் அவ்வாறே எழுதத் தொடங்கினான். நாம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினோம். மழை குறைவறப் பெய்தது, மந்திரியாரே. பெய்ததனால்தான் இந்த ஓலை வருகிறது.

உமக்கு நலம் கேட்டு ஒரு சொல் எழுதவும் மனம் வரவில்லை. தந்தையார் மறைந்த அன்று, உறவு என்று சொல்லிக்கொண்டவர் எல்லாம் அரியணையின் காலைப் பிடித்து இழுத்தபோது, கோட்டை வாசலில் வாளை ஊன்றி நின்று, இவள்தான் அரசி, வேறு பேச்சில்லை என்றவர் நீர். அன்றுமுதல் அவையில் மந்திரியார் என்றும், தனியே இருக்கையில் அண்ணா என்றும் உம்மை அழைத்து வந்தோம். அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. மறந்திருந்தால் இப்போது வயிறு இப்படி எரியாது.

பெருங்கண் ஏரியின் மதகு இற்றுப் போயிற்று என்றும், வரும் மழைக்கு நில்லாது என்றும் சென்ற கோடையில் வந்து சொன்னவரும் நீரே. பச்சை மரத்தில் கதவு செய்தால் நீரில் முறுக்கிக்கொள்ளும், பல்லாண்டு வெயிலும் மழையும் தின்று இறுகிய வேங்கைமரம் வேண்டும், அம்மரம் ஏரிக்குக் கீழுள்ள எட்டூர் உழவரின் பழைய வண்டிகளில் இருக்கிறது, அவற்றை விலைக்கு வாங்கிப் பிரித்து மதகுக்குப் பலகை சேர்ப்போம், தை பிறந்ததும் அவர்க்குப் புது வண்டி தருவோம் என்று நீர் உரைத்தபோது, அவையில் இருந்த அத்தனை பேரும் தலையசைத்தனர். அடடா, எப்பேர்ப்பட்ட யோசனை என்று வாய்விட்டுச் சொன்னதும் நாமே.

ஆனால் எட்டூரார் இசையவில்லை. உம் அதிகாரிகள் இனிக்க இனிக்கப் பேசினர். பழைய வண்டி மாட்டுக்குப் பாரம் என்றனர். புது வண்டியில் போனால் பெண் கேட்டு வருவார்கள் என்றனர். அரசு கேட்டும் கொடாதவன் முகம் நினைவில் இருக்கும் என்று பல்லைக் கடித்தும் பார்த்தனர். உழவர் அசையவில்லை. ஒவ்வொரு மழையிலும் ஏரி மிஞ்சி வழிந்தால், கிழடு கட்டைகளையும் விதைநெல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பாறைமேட்டுக்குப் போவது அவர்கள் வழக்கம். வண்டியைக் கொடுத்துவிட்டு எதில் ஏறுவது என்பதே அவர்கள் கேட்டது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல உம் ஆட்களால் ஆகவில்லை. அரசியே வந்து கேட்டால் கொடுப்பார்கள் என்றீர். போனோம்.

மணலடி ஊரில் சேந்தன் என்பவன் வாசலில் நம் பல்லக்கை நிறுத்தினோம். அவன் பனையிலிருந்து விழுந்து இரண்டு காலும் விளங்காதவன். ஆனால் வாய் ஓயாதவன். நம்மைக் கண்டதும் எழ முடியாமைக்குப் பொறுத்தருள வேண்டும் என்று வேண்டி, எழ முடிந்தாலும் வண்டி கேட்டு வந்தவர்க்கு எழுந்திருப்பேனோ என்னவோ என்று சிரித்தான். பேசியவள் அவன் மனைவி காரிச்சி. அவள் சொல்லை அவள் சொன்னபடியே எழுதச் சொன்னோம். பொன்னம்பி அதைச் செந்தமிழாக்கப் பார்த்தான்; தொடாதே என்றோம்.

“இவருக்குக் காலு விளங்காது தாயே. இந்த வண்டிதான் இவருக்குக் காலு. தண்ணி வந்தா இதுல தூக்கிப் போட்டுக்கிட்டு மேட்டுக்கு ஓடுவோம். இதையும் குடுத்துட்டு நான் இவரைத் தலையிலயா சுமக்கட்டும்?”

அவளுக்கு நாம் வாக்குக் கொடுத்தோம். உன் வண்டியின் மரம் மதகில் நிற்கும். மதகு நின்றால் உன் வாசலுக்குத் தண்ணீர் வாராது. தண்ணீர் வாராதபோது ஓட வேண்டியதில்லை என்றோம். அவள் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வண்டியடியில் குனிந்து, இடச் சக்கரம் அச்சைவிட்டுக் கழலாமல் காக்கும் கடையாணியை உருவி, முந்தானையில் துடைத்து, நம் உள்ளங்கையில் வைத்தாள். அவள் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தனர். எட்டூரும் கொடுத்தது.

அந்த வழக்கம் உமக்குத் தெரியாததன்று, ஆயினும் எழுதுகிறோம். எட்டூரார் வண்டியை விற்பார்கள். இடச் சக்கரத்துக் கடையாணியை விற்க மாட்டார்கள். அதை நம்பி ஒப்படைப்பார்கள். வண்டி உழைத்து ஓய்ந்து பிரிக்கப்படும் நாளில், வாங்கியவன் அந்த ஆணியை வெற்றிலையில் வைத்து, உடையவன் கையிலேயே திருப்பித் தர வேண்டும். உன் வண்டியின் வாழ்வு முடிந்தது, இனி இது உன் அடுத்த வண்டிக்கு என்பது அதன் பொருள். அப்படி ஒரே ஆணி மூன்று நான்கு தலைமுறை வண்டிகளைத் தாங்கி வந்த வீடுகள் அங்கே உண்டு. ஆணி திரும்பிவிட்டதென்றால் வண்டி இல்லை என்று அர்த்தம். இதில் பொய் சொல்வதற்கு எட்டூரில் யாருக்கும் தோன்றியதில்லை.

புரட்டாசியில் நீர் வந்து, வண்டிகள் பிரிக்கப்பட்டன, மதகு முடிந்தது என்றீர். கரையில் நின்று பார்த்தோம். படகுக்குப் பூசும் கருங்கீல் பூசிய கதவு கருகருவென்று நின்றது. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினோம். பூச்சு ஈரம், அரசியார் கை கறுக்கும் என்று சிரித்துத் தடுத்தீர். நம் கைமேல் உமக்கு அவ்வளவு கரிசனம் என்று அன்று மகிழ்ந்தோம்! மறுநாளே வெற்றிலையும் ஆணிகளும் கொண்டு எட்டூருக்கும் போனோம். காரிச்சியின் கையில் அவள் ஆணியை வைத்து, உன் வண்டி நம் மதகாகி நிற்கிறது என்று இந்த வாயால் சொன்னோம். அவள் ஆணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சேந்தன் கட்டிலில் கிடந்தபடியே, என் காலு ஏரிக்குக் காவல் நிக்குதுன்னு சொல்லுங்க என்றான். எல்லாரும் சிரித்தோம். நீரும் சிரித்தீர்.

ஐப்பசியில் மதகு போயிற்று.

நண்பகலில் வந்த தண்ணீர். ஆண்கள் வயலில் இருந்தனர். வீட்டில் இருந்தவள் காரிச்சி, கட்டிலில் அவள் கணவன், தொட்டிலில் கைக்குழந்தை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அவள் அவனைக் கட்டிலோடு வாசல்வரை இழுத்திருக்கிறாள். இடுப்புக்கு வந்தபோது அவன் கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, இனி இழுக்காதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ என்று அதட்டியிருக்கிறான். அவள் போனாள். போகாமல் என்ன செய்வாள்? எட்டூரிலும் அன்று ஒரு வீட்டில்கூட வண்டி இல்லை. நாம் கேட்டு, எல்லாரும் கொடுத்திருந்தார்கள்.

அவன் கட்டிலோடு மாண்ட செய்தி வந்த அன்று நீர் நம்மருகே அமர்ந்து கண்ணீர் விட்டீர். நூறாண்டு காணாத மழை, தெய்வம் செய்ததற்கு மனிதர் என்ன செய்வோம் என்றீர். எட்டூர் மக்கள் மதகைப் பற்றி முணுமுணுக்கிறார்கள் என்று ஒற்றர் சொன்னபோது, நம் மந்திரியார்மேல் ஒரு சொல் சொன்னாலும் பொறுக்கமாட்டோம் என்று சீறினோம். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. உம் கண்ணீர் மெய்யோ பொய்யோ, அதை இன்றும் நம்மால் சொல்ல முடியவில்லை. மெய்யாயிருந்தால் அது இன்னும் கொடுமை.

வெள்ளத்தைக் காரணம் காட்டி, தையில் புது வண்டியும் நீர் தரவில்லை. இனி மாசியில் நடந்ததைக் கேளும். உப்புத்துறையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பேற்றிய வண்டிகள் மணலடிச் சாலையில் வரிசையாய்ப் போயின. காரிச்சி சாலையோரம் சாணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மணலடிக் கொல்லன் அச்சில் ஆணித்துளையைச் சற்றே சாய்த்துத் துளைப்பவன். அவன் அடித்த ஆணி அன்றி வேறு ஆணி அதில் இறுகி நில்லாது, ஓயாமல் கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தாள். நுகத்தடியில் சேந்தன் தன் கையால் செதுக்கிய மயிலைக் கண்டாள். வீட்டுக்கு ஓடி ஆணியை எடுத்துவந்து, ஓடும் வண்டியின் முன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வண்டிக்காரன் சாட்டையை ஓங்கினானாம், அவள் விடவில்லை. ஆடிக்கொண்டிருந்த ஆணியைப் பிடுங்கி எறிந்து, தன் ஆணியைச் செருகினாள். அது ஒரே தட்டில் உட்கார்ந்தது. சத்தம் நின்றது.

உப்பு வாணிகர் ஒளிக்கவில்லை. இவ்வண்டிகளைப் பெருமந்திரியின் மருமகனாரிடம் நல்ல விலைக்கு வாங்கினோம், எட்டூர் வேங்கை வண்டி உப்புப் பாரத்துக்கும் அசையாது என்பதால் கொத்திக்கொண்டு போனோம் என்று அவர்கள் உரைத்தனர். மதகு இருந்த இடத்தில் சேற்றைத் தோண்டச் செய்தோம். கீலுக்கு அடியில் இருந்தது இலவமரம். விறகுக்கும் ஆகாத இலவம்பலகை! நம்மை ஏன் தொடவிடவில்லை என்பது அப்போது விளங்கிற்று. நகத்தால் கீறியிருந்தாலே தெரிந்திருக்கும்.

இவையெல்லாம் நாம் விசாரித்து அறியுமுன்னரே, வாணிகர் உப்பை இறக்கிக் கொடுக்க, காரிச்சி அவ்வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்தாள். காவலர் மறித்தபோது நாமே இறங்கி வந்தோம். அவள் அழவில்லை, ஏசவுமில்லை. ஆணியை உருவி நம் முன் நீட்டினாள்.

“தாயே, நீங்க திருப்பிக் குடுத்த ஆணி இது. நீங்க உடைச்சேன்னு சொன்ன வண்டி இது. ரெண்டும் எப்படித் தாயே சேந்துச்சு?”

அழகியாரே, அதற்கு என்ன விடை சொல்லியிருப்பீர்? நாமோ, எனக்குத் தெரியாது என்று சொன்னோம். அரசிக்கு அதைவிடக் கேவலமான சொல் வேறு இல்லை. தெரியலன்னா ஏன் தாயே எங்கிட்ட வந்து கேட்டீங்க என்றாள். ஊரார் கொடுத்தது உம்மை நம்பி அன்று, நம்மை நம்பி. நீர் எடுத்துக்கொண்டது அவர்கள் வண்டியை மட்டுமன்று; நம் வாக்கை எடுத்து விற்றுவிட்டீர். களவு செய்ய வேண்டுமென்றால் கருவூலத்தின் திறவுகோல் உம் இடுப்பில்தானே தொங்கிற்று? அதில் அள்ளியிருந்தால் ஒரு நாள் கோபித்திருப்போம். மறுநாள் அண்ணா என்றிருப்போம். எட்டூராரின் ஆணிகளை நம் கையாலேயே திருப்பிக் கொடுக்க வைத்தீரே, அப்போது உமக்கு நெஞ்சு பதறவில்லையா? பக்கத்தில்தானே நின்றீர்.

ஆகவே நம் ஆணை இது. உம் மருமகன் விற்ற எட்டூர் வண்டிகள் யாவும், எங்கிருப்பினும் மீட்கப்பட்டு, அவரவர் வாசலில் நிறுத்தப்பட வேண்டும். பெருங்கண் ஏரிக்கு நம் அரண்மனைத் தேர்களைப் பிரித்து மதகு செய்கிறோம். வேங்கைமரம் இங்கேயும் இருந்தது, நமக்குத்தான் அன்று தோன்றவில்லை. எட்டூருக்கும் நாம் நடந்தே போய், வாசல் வாசலாக நின்று, சொன்னது பொய் என்று சொல்லப்போகிறோம். நம் வாக்கை இனி அவர்கள் நம்ப வேண்டும் என்று எவனும் வற்புறுத்தலாகாது.

உம் பட்டத்தை இந்த ஓலை சேர்ந்த அளவிலே கழற்றி, கொண்டுவருபவள் கையில் கொடுத்துவிடும். நீர் மணலடியில் ஊரார்முன் நின்று விடை சொல்ல வேண்டும். உம்மை அழைத்துவர யானையும் இல்லை, பல்லக்கும் இல்லை. ஒரு வண்டிதான் வருகிறது. நுகத்தடியில் மயில் செதுக்கியது. ஓட்டி வருபவள் காரிச்சி. இவ்வோலையின் அரக்கில் நம் முத்திரை மோதிரத்தைப் பதிக்கக் கூசிற்று. அவள் கடையாணியின் தலையை வாங்கிப் பதித்தோம். பதித்ததும் ஆணியை அவளிடமே கொடுத்துவிட்டோம். அதை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னோம்.

வழியில் நீலியாற்றுச் சரிவும், மும்மலைக் கணவாயும் உண்டு. வண்டியில் ஏறுமுன் இடச் சக்கரத்தில் ஆணி போட்டாயிற்றா என்று அவளைக் கேட்கலாம். போட்டாச்சு என்று அவள் சொல்வாள். குனிந்து பார்க்க உமக்கு அனுமதியில்லை. அவள் சொல்லை நம்பி ஏறி உட்காரும்.

இது குவளைமாதேவி ஓலை.