கிம்ச்சி டப்பாவுக்குள் கேட்கும் சத்தம்

உல்சான்,
வியாழன் இரவு

அன்புள்ள கியூவொன் அண்ணா,

நலமா? அங்கே குளிர் அதிகமா? உன் கம்பளிக் காலுறைகளுக்கு நடுவே இதை மடித்து, விடிந்ததும் பேருந்துப் பார்சலில் அனுப்புகிறேன். சோதனைத் தளத்தில் உங்கள் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொள்வதால் வேறு வழியில்லை. போர்வைக்குள் எழுதுகிறேன். கையெழுத்தைக் கேலி செய்யாதே.

திங்கட்கிழமை சோதனை ஓட்டத்தில் நீ ஓட்டப்போவது அந்தப் புதுக் காரைத்தான் என்று உன் கடிதத்தில் படித்தேன். அதன் கதவுத் தூண்களை லேசரில் பற்றவைத்தது அப்பாவின் பிரிவு. அந்த எஃகு மிகக் கடினமானது. மழை நாளில் தகட்டின் ஈரத்தைத் துடைக்காமல் பற்றவைத்தால், ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் இணைப்புக்குள் பதுங்கிவிடுமாம். பார்த்தால் தெரியாது. பல நாள் கழித்து, யாரும் தொடாமலே உடையுமாம். அதனால்தான் மாதிரித் துண்டுகளை வில்லாக வளைத்து, போல்ட் போட்டு முறுக்கிக் காத்திருப்பார்கள். சோதனைக் கெடு முடியும்வரை ஒன்றும் உடையவில்லை. அப்பா 'தேர்ச்சி' என்று முத்திரை குத்திவிட்டார். ஆனாலும் மனம் கேட்காமல், துண்டுகளைப் பழைய கிம்ச்சி டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து பால்கனியில் வைத்தார்.

இப்போது உடைகின்றன. டிக்.

கீழ்வீட்டு அத்தை லிஃப்டில், "ராத்திரியெல்லாம் யாரு வால்நட் உடைக்கிறது? எனக்கும் ரெண்டு குடுத்தனுப்புங்க!" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்குள் வந்ததும் என் தோளை அழுத்தி, "ஹேரின், உனக்கு ஒன்னும் கேக்கல. புரியுதா?" என்றார். தொழிற்சாலை மேலாளர் தொலைபேசியில் அழைத்தபோது அப்பா, "எல்லாம் நல்லாருக்குங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று உடைந்தது.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். படித்தார். போய் டப்பாவின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். இன்னும் விளக்கில்லாமல் அங்கேதான் இருக்கிறார். ஒவ்வொரு சத்தத்துக்கும், யாரோ பெயர் சொல்லி அழைத்ததுபோல, "ம்" என்கிறார். ஒருமுறை "இதோ வரேன்" என்றார். நான் கூப்பிட்டும் திரும்பவே இல்லை.

இந்த வரியை எழுதும்போதும் ஒன்று உடைந்தது. என்னையறியாமல் நானும் "ம்" சொல்லிவிட்டேன், அண்ணா.

அந்தக் காரில் ஏறாதே. காரணம் கேட்டால் இதைக் காட்டு. அப்பா என்னைத் திட்டட்டும். அங்குள்ள அலுவலகத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குப் பேசு. அவர் எடுக்கும்வரை மணி அடிக்கவிடு. உன் குரலுக்கு அவர் ஒரு "ம்" சொல்லட்டும்.

நீ பத்திரமாக இருக்க வேண்டும்.

உன் தங்கை,
ஹேரின்