முப்பத்திரண்டாவது வழக்குக்கு அனுமதி வேண்டி

அனுப்புநர்
ஹிலரி சக்டன்,
14, மில் சந்து,
ஸ்டோன்கிளஃப், யார்க்‌ஷயர்.

பெறுநர்
மாண்புமிகு நீதிபதி அவர்கள்,
கவுண்டி நீதிமன்றம்.

பொருள்: என் மீது வழக்குத் தொடர, பக்கத்து வீட்டுக்காரர் கிளிஃபர்ட் ஹோராக்ஸுக்கு அனுமதி வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மாண்புமிகு ஐயா,

1. பதினொரு ஆண்டுகளில் திரு. ஹோராக்ஸ் என் மீது முப்பத்தொரு வழக்குகள் தொடுத்தார். என் பூனை அவர் கூரையில் நடந்தது, என் வாசலில் காற்றுமணி ஒலித்தது, நான் வெங்காயம் வதக்கியது எல்லாமே வழக்காயின. அனைத்தும் தள்ளுபடி. அனுமதியின்றி அவர் இனி வழக்குத் தொடரக் கூடாது, அனுமதி கேட்குமுன் எனக்கு நகல் அனுப்ப வேண்டும், ஏழு நாளுக்குள் நான் ஆட்சேபிக்கலாம் என்று சென்ற ஆண்டு தாங்கள் ஆணையிட்டீர்கள். அன்று பாடிக்கொண்டே வீடு திரும்பினேன், மறைப்பானேன்?

2. சென்ற வாரம் நகல் வந்தது. "சனியன் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு" என்று பிரிக்காமலே பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் செருகினேன். ஐந்து நாள் கழித்து என் வழக்கறிஞரைக் கேட்டபோது, "பழைய பல்லவிதான்னு ஒரு வரி எழுதிப் போடுங்கம்மா, கதை முடிஞ்சிரும்" என்றார். எழுத உட்கார்ந்தவள், எதற்கும் பார்ப்போமே என்று பிரித்தேன். நாற்பது பக்கம் எழுதுகிற மனிதர் அரைப் பக்கமே எழுதியிருந்தார். நான் புதிதாகப் போட்ட குளியலறைக் குழாய் கசிந்து அவர் வீட்டுச் சுவர் விரிசல் விட்டிருக்கிறதாம்.

3. அவர் வீட்டின் வெளிப்புறமாகப் போய்ப் பார்த்தேன். உண்மைதான் ஐயா. விரிசலில் என் இரண்டு விரல் நுழைகிறது. அவர் படுக்கும் அறையின் சுவர் அது. அன்றே அந்தக் குளியலறையைப் பூட்டிவிட்டேன்.

4. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரே வரியில் ஒரு மனிதரின் வாயை அடைக்கும் வல்லமை என் சமையலறை மேசையில் கிடந்திருக்கிறது; நான் அதன் மேல் டப்பாவை வைத்து பிஸ்கட் தின்றிருக்கிறேன்! தங்கள் ஆணையை வெறும் பூட்டு என்றே நினைத்திருந்தேன். தட்டினால் ஒரு நீதிபதி எழுந்து வந்து பார்ப்பார் என்பதும் அதிலேயே இருக்கிறது. முப்பத்தொரு முறை தோற்றவர் தட்டினாலும் பார்ப்பாராம். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

5. சுவரைச் சரிசெய்து தருவதாக அவர் கதவைத் தட்டிச் சொன்னேன். கதவு திறக்கவில்லை. கதவில் கடிதம் போடும் துளை வழியாகத்தான் பதில் வந்தது: "உங்க சிமென்ட்டும் வேணாம், மன்னிப்பும் வேணாம். நான் சொன்னது சரின்னு ஒரே ஒரு தடவை நீதிபதி வாயால வரணும்."

ஆகவே, அவருக்கு அனுமதி வழங்குமாறு பணிந்து வேண்டுகிறேன். நான் எதிர்வழக்காட மாட்டேன். தீர்ப்பை மட்டும் அவர் முன்னிலையில் சற்று உரக்க வாசிக்க வேண்டும். அவருக்கு இடது காது மந்தம். காற்றுமணி வழக்கில் அவரே ஒப்புக்கொண்டது.

இடம்: ஸ்டோன்கிளஃப்
நாள்: அக்டோபர் 14 (ஏழாம் நாள், நேரில் கொண்டுவந்து தருகிறேன்)

இப்படிக்கு,
இம்முறை தவறிழைத்த பிரதிவாதி,
ஹிலரி சக்டன்