நான் நலமாக இருப்பதுதான் கவலை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். கடிதத்தின் தொடக்கத்தில் எல்லோரும் எழுதுவதுதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தத் தடவை கவலையே அதில்தான் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் சுகம். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. அப்பா வந்து பார்த்துக்கொள்வார் என்று அடியில் வாளி வைத்திருக்கிறாள் உங்கள் செல்ல மகள். அங்கே மலை மேல் பனி விழுந்து தொலைபேசி செத்ததிலிருந்து உங்கள் குரல் கேட்காமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால்தான் இதைச் சாமான் லாரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உயரமான இடத்தில் வயதானவர்களின் ரத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, நம் சுரங்கக் குடியிருப்புக்கு ஆராய்ச்சி மருத்துவர்கள் வந்தார்களே. என் ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, இனி மலை மேல் இருக்கக் கூடாது என்று முடிவு வந்தது. உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். "எனக்கென்னடி, இன்னும் பத்து வருஷம் ஜெனரேட்டரோட மல்லுக்கட்டுவேன்"னு சொல்லிக்கொண்டே என் பெட்டியைக் கட்டி இங்கே மகள் வீட்டில் இறக்கிவிட்டீர்கள்.

மாத்திரை தொடங்கும் முன் இங்குள்ள மருத்துவரம்மா மறுபடி சோதித்தார். கொழுப்பு அளவோடுதான் இருக்கிறது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், ரத்த வகையே வேறாக இருக்கிறதே என்றார். எந்த மலை ஏறினாலும் இறங்கினாலும் வகை மாறாதாம். பழைய தாளில் இருந்தது உங்கள் வேலை அட்டையில் போட்டிருக்கும் வகை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேலே ரத்தம் எடுத்த அன்று காத்திருக்கும் அறையில் நான் நடுங்குகிறேன் என்று உங்கள் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, பத்தாத என் கோட்டை நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். எண் சீட்டு அவரவர் கோட்டுப் பையில் இருந்தது. கூப்பிட்டதும் நான் உங்கள் சீட்டை நீட்டினேன், நீங்கள் என்னுடையதை. சீட்டில் பெயரா இருந்தது, கண்டுபிடிக்க? எனக்கென்று சொன்ன கொழுப்பு உங்களுடையது. என் மேல் உள்ள பிரியத்தில் செய்த காரியம் இப்படியா முடிய வேண்டும்.

பிராணவாயு குறைந்த உயரத்தில், வயதான உடம்பில் ஒரு வகைத் தேய்மானம் அதிகமாகுமாம். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர் சொன்னார். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி ரத்தத்தில் ஓடும் கொழுப்பும் கெட்டு, குழாய்ச் சுவரில் படிந்து அடைக்கிறதாம். மெக்கானிக்கான உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஸ்பேனர் திருப்பும்போது இடது தோள் பிடித்துக்கொள்கிறது, குளிர்தான் காரணம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மருத்துவரம்மாவிடம் காட்டினேன். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், அது குளிரில்லை, இதயமாக இருக்கலாம், ஒரு நாளும் தாமதிக்காமல் அவரை இறக்குங்கள் என்றார். அங்கிருந்து நேராக லாரி ஓட்டுநரைத் தேடிப் போனேன்.

வறுத்ததைத் தொடாதே, உப்பைக் குறை என்று நீங்கள் எனக்கு அனுப்பிய புத்திமதி அத்தனையையும் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். நான் இங்கே உப்புச் சப்பில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்க, நீங்கள் அங்கே கேட்க ஆளில்லாமல் வாணலியை அடுப்பை விட்டு இறக்கியிருக்கவே மாட்டீர்கள். அந்த ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் நின்று பீடி ஊதுவதும் எனக்குத் தெரியும்.

ஜெனரேட்டரை யார் பார்ப்பது என்று தொடங்காதீர்கள். இரவு ஷிப்டுக்காரருக்கு எல்லாம் அத்துபடி என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கணவாய் அடைபடும் முன் இதுதான் கடைசி லாரி. பெட்டி எதையும் தூக்காதீர்கள். ஓட்டுநர் நம் வாசலுக்கே வருவார். "அண்ணே, லோடு ஏத்தலைன்னாலும் பரவாயில்ல, அவர ஏத்தாம வந்துடாதீங்க"ன்னு அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஊரறிய உங்கள் உடம்பைப் பற்றிப் பேசிவிட்டேன் என்று கோபம் வரும். வரட்டும். இங்கே வந்து, என் எதிரில் நின்று, ஆசை தீரத் திட்டுங்கள். தயவுசெய்து இந்தக் கடிதத்துக்குப் பதில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வாசலை விட்டு நகராமல் நிற்கும்
உங்கள் மனைவி