எண்ணி அடிக்கிற சத்தம்

தம்பி,

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. அப்புறம் உள்ளே யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி டக், டக், டக். கொஞ்சம் சும்மா இருந்தது. மறுபடி டக், டக், டக். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. நீ இருந்தால் ஐந்து நிமிட வேலை. எனக்கு அழுகை வரவில்லை, உன் மேல் கோபம்தான் வந்தது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். ‘கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுடா’ என்றுதான் சொல்லத் தெரியும். நீ விட மாட்டாய். “கெட்டுப்போச்சுன்னு சொல்லாதக்கா. ஆன் ஆகலயா, ஸ்டார்ட் ஆகலயா? ரெண்டும் வேற. என்ன சத்தம் வருது, வாயால செஞ்சு காட்டு.” நீ ஊரின் அந்தக் கோடியில், பீன்யாவில் வேலையில் இருப்பாய். காக்ஸ் டவுன் வீட்டில் உட்கார்ந்து நான் போனில் கீங் கீங் என்று கத்துவேன். “மெமரி லூசா இருக்கு. வெளிய எடுத்து பென்சில் ரப்பரால தேச்சு மறுபடி சொருகு” என்பாய். சொருகினால் ஓடும். இன்னொரு நாள் டர்ர்ர் என்றேன். ஃபேனில் ஒயர் உரசுது என்றாய். திறந்து பார்த்தால் ஒயர்தான்.

ஒரு தடவை, “இன்னும் கொஞ்சம் சத்தமா செய்க்கா” என்றாய். செய்தேன். அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாய், பாவி. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேக்கரியில் தில்பசந்த் வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். “சிரிச்சாங்கதான். ஆனா உன் வாயை வச்சே நான் சொல்லிடறேன் பாரு. எனக்கு மீட்டரே வேணாம்.”

அன்றைக்குத்தான் எனக்குச் சத்தத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாய். “வேகம் கூடிக் குறைஞ்சா ஃபேன். எண்ணி அடிச்சா டிஸ்க். டிஸ்க்னா உன் எம்பிராய்டரி டிசைன் அத்தனையும் போச்சு.” நான் பயந்தேன். “ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் வேற ஒண்ணுல காப்பி போட்டுத் தரேன்” என்றாய். எத்தனை ஞாயிறு போயிற்று? ஒரு வாரம் சண்டே டியூட்டி, ஒரு வாரம் கிரிக்கெட். நானும் நச்சரிக்காமல் விட்டேன். கடைசியில் ஒரு வாரக் காய்ச்சலில் நீயே போய்விட்டாய்.

நான் தாளில் வரைந்து, நீ பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றச் சொல்லிக் கொடுத்த மயில், மாங்காய், கொடி எல்லாம் அதற்குள்தான். எம்பிராய்டரி மெஷினுக்கு அதிலிருந்துதான் கேபிள் போகிறது. மல்லேஸ்வரத்து அம்மா ஒருவர் மகள் கல்யாண ரவிக்கைக்கு அந்த மயிலைத்தான் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன். மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி. இல்லை இல்லை, ஃபேனாக இருக்கும் என்று ஒரு மணி நேரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் உன் வயதுதான். தம்பி என்று கூப்பிட வாய் வரவில்லை.

“ஏம்ப்பா, ஆன் ஆகுது, ஸ்டார்ட் ஆகல. டக் டக் டக்னு எண்ணி அடிக்குது” என்று செய்து காட்டினேன்.

அவன் மொபைலிலிருந்து தலையைத் தூக்காமல் கன்னடமும் தமிழுமாகச் சொன்னான். “பவர் சப்ளை ஹோகிதெ மேடம். மாத்தணும்.”

“பவர் போயிருந்தா ஃபேன் எப்படிப்பா சுத்தும்?”

“மேடம், நான் டெக்னீஷியனா, நீங்களா?”

“நீதான். காதைக் கொஞ்சம் கிட்ட வை.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்குப் பழக்கம்தான். “டிஸ்க் ஒயரை மட்டும் கழட்டிட்டுப் போடு. சத்தம் நின்னா நான் சொன்னதுதான்” என்றேன். சலித்துக்கொண்டே கழற்றினான். ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. டக் டக் நின்றுவிட்டது.

நான் சொன்னதுதான் சரி. ஆனால் அவன் சொன்னது சரியாக இருந்திருந்தால் மயில் பிழைத்திருக்கும். அப்படி ஒரு வயிற்றெரிச்சல் தம்பி. ஜெயித்துவிட்டு நிற்கிறேன், கையில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவுக்குப் போன் செய்து, மயிலைத் திரும்ப வரைந்து தைக்க ஒரு வாரம் ஆகும் என்றேன். “முகூர்த்தமே ஞாயித்துக்கிழமைம்மா” என்று வைத்துவிட்டார்.

கடைக்காரன் இப்போது மொபைலைக் கீழே வைத்திருந்தான். “நிமகே ஹேகே கொத்தாய்த்து மேடம்? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“என் தம்பி சொன்னான்.”

“அவரு நம்பர் கொடுங்க. டிஸ்க்ல ஏதாச்சும் எடுக்க வருமான்னு நான் பேசறேன்.”

போனில் உன் பேரை இங்கிலீஷில் போட்டு வைக்கத் தெரியாமல் நம்பரையே மனப்பாடம் செய்தவள் நான். கேட்டதும் வாய் தன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஆறு எண் சொன்ன பிறகுதான் நின்றேன்.

“இன்னும் நாலு, மேடம்?” என்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

பெட்டியை அங்கேயே விட்டு, டிஸ்க்கை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நாலும் என்னிடம்தான் இருக்கிறது.

அக்கா