பெயர் இல்லாத வரிசை

அக்டோபர் 26, ஞாயிறு

பங்கு அலுவலகத்தில் இருந்தவர்கள்: ஃபாதர், செயலாளர் வால்டர் அண்ணன், மாதர் சபைத் தலைவி ஃப்ளோரா, நான். வேறு யாரும் இல்லை.

அடுத்த ஞாயிறு கல்லறைத் திருநாள். இந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிக்க வேண்டும். போன வருடம் கையால் எழுதியதில் சிலர் விட்டுப்போனதால், கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துத் தரச் சொன்னார் ஃபாதர். பங்குக் கணக்கை அதில் போடுகிறவள் நான்தானே.

"யூட்யூப் பாத்து கத்துகினது. உருப்படியா வருமாம்மா?" என்றார் வால்டர் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அக்டோபர் 29

கம்ப்யூட்டர் டேபிளில் மூன்று பத்தி: பெயர், இறந்த தேதி, குடும்பம். வாசிக்கப் பெயர் மட்டும் போதும். ஒவ்வொரு வரிசையிலும் அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துத் தரும் கட்டளை இருக்கிறது. அது திரும்பத் திரும்ப ஓடும்படி லூப்பில் போட்டேன் — பெயர் வருகிறவரை அச்சடி, வராவிட்டால் நிறுத்து. ஓட்டிப் பார்த்தேன். தேதிப்படி எல்லோரும் வந்தார்கள். மாதாவே, நன்றி.

அக்டோபர் 31

என் மகள் மகிமாவின் பிள்ளையையும் சேர்த்தேன். ஆகஸ்டில் உயிரில்லாமல் பிறந்தது. பெண். பெயர் வைக்கவில்லை. அதனால் பெயர்ப் பத்தியைக் காலியாக விட்டுக் குடும்பத்தில் மகிமாவைப் போட்டேன். முன்னதாக ஃபாதரிடம் கேட்டேன். "போடும்மா, அதுவும் நம்ம பங்குப் புள்ளதான்" என்றார்.

மகிமாவிடம் சொன்னேன். எந்தப் புடவை கட்டட்டும் என்று கேட்டாள். அவளாக ஒன்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

நவம்பர் 2

காலையில் வால்டர் அண்ணன் அச்சடித்துக் கொடுத்தார். நான் பாட்டுக் குழுவில் நின்றேன், தாளைப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் வரை வாசித்துவிட்டு ஃபாதர் தாளை மடித்துவிட்டார். அதற்குப் பிறகு போனவர்கள் ஒருவர்கூட இல்லை. ஃப்ளோராவின் வீட்டுக்காரர் செப்டம்பரில் போனவர். மெழுகுவர்த்தியோடு காத்திருந்தாள்.

வாசலில் என் கையைப் பிடித்தாள். "எங்காளு இன்னாடி பாவம் பண்ணாரு?" சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

மகிமா வீட்டுக்கு வந்ததும் அந்தப் புடவையை மடித்து வைத்தாள்.

நவம்பர் 3

கண்டுபிடித்தேன். பிள்ளையின் பெயர் காலி. காலி வந்ததும் 'ஆள் தீர்ந்தது' என்று லூப் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் போச்சு.

நிற்காமல் ஓடியிருந்தால் மட்டும்? பெயர்ப் பத்தியை மட்டும் கேட்டால் குடும்பத்தின் பெயர் எங்கிருந்து வரும்? புள்ள வெறும் வெத்து வரியாத்தான் வந்திருக்கும். இதக்கூட யோசிக்கல, நான் இன்னா பாட்டி.

மாற்றிவிட்டேன். பெயர் காலியானால் 'மகிமாவின் குழந்தை' என்று வரும். லூப்பும் நிற்காது. ஓட்டினேன். எல்லோரும் வந்தார்கள், அவளும்.

நவம்பர் 9

விட்டுப்போனவர்களை அடுத்த ஞாயிறு வாசிப்பதாக ஃபாதர் அறிவித்தார்.

வால்டர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஞானஸ்நானம் வாங்காத கொழந்தைக்குப் பூசைல இன்னா வேல? ஒரே ஒரு லைனு, அத தூக்கிடு. பேஜாரே கெடையாது." தப்பு என் ப்ரோக்ராமில், பிள்ளையிடம் இல்லை, சரி செய்தாயிற்று என்றேன். மணி அடித்துவிட்டது என்று போய்விட்டார்.

நவம்பர் 16

விட்டுப்போனவர்களை ஃபாதர் வாசித்தார். ஃப்ளோரா அழுதாள். நல்லது, அவளுக்கு நியாயம் கிடைத்தது.

'மகிமாவின் குழந்தை' வரவில்லை. ஃபாதர் தாளை மடித்ததும் மகிமா எழுந்து வெளியே போனாள்.

மறுபடியும் என் தப்போ என்று அலுவலகத்துக்கு ஓடினேன். ப்ரோக்ராம் நான் வைத்தபடிதான் இருக்கிறது. டேபிளில் அந்த வரிசையே இல்லை. வால்டர் அண்ணனைக் கேட்டேன். "ஃபாதர் சொன்னாரு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஃபாதர் எண்ணூரில் ஒரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பிப் போயிருந்தார்.

ஜெபமாலையை எடுத்தேன். வாய் சொல்லிற்று, மனசு சொல்லவில்லை.

நவம்பர் 23

மகிமா கோயிலுக்கு வரவில்லை. நான் போனேன், நற்கருணை வாங்காமல் திரும்பினேன். நேரில் கேட்கத் தைரியம் வரவில்லை. ஃபாதருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது:

"தோத்திரம் ஃபாதர். என் பேத்தியைப் போடச் சொன்னது நீங்கள். எடுக்கச் சொன்னதும் நீங்கள்தானா? யார் எடுத்தது என்று மகிமா என்னைக் கேட்கிறாள். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."