ஒருவரும் பாவிக்காத துறை

1973 ஜூன் 9, சனி

நாளை மூதூர். கொழும்பிலிருந்து வரும் பெரிய அதிகாரிக்கு ஊர் காட்ட நான் வேலை செய்யும் கந்தோரே போகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க நான். திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தும் விரிகுடாவின் அக்கரையிலிருக்கும் அந்த ஊரை இன்னும் பார்த்ததில்லை. அக்கா இடியப்பம் கட்டித் தருவதாகச் சொன்னார். நீலச் சேலையை அயன் பண்ணி வைத்திருக்கிறேன்.

ஜூன் 10, ஞாயிறு

எழுதாமல் இருக்க ஏலாது.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விரிகுடாவைக் கடக்கிற லோஞ்சில் நல்ல காற்று. மூதூர் அமைதியான ஊர், பள்ளிவாசலைச் சுற்றிச் சின்னத் தெருக்கள். முந்நூறு வருசத்துக்கு முன் கண்டி அரசனின் ஆட்கள் வெள்ளைக்காரக் கப்டனைப் பிடித்தார்கள் என்று சொல்லும் புளியடியில் படம் எடுத்தார்கள். பிறகு ஆற்றுக்குப் போனோம்.

அது பெண்கள் குளிக்கிற துறை. முதலை வராமல் தண்ணீருக்குள் கம்பு அடித்து அடைத்திருக்கிறார்கள். அந்தக் கரையில் அப்படி அடைத்த இடம் அது ஒன்றுதான், ஊர்ப் பெண்கள் எல்லாரும் பாவிப்பதும் அதைத்தான். எங்களைக் கண்டதும் குளித்துக்கொண்டு நின்ற பெண்கள் கழுத்தளவு தண்ணீருக்குள் தாழ்ந்தார்கள்.

"பொம்புளையள் குளிக்கிற எடம்! அங்கால போங்க!" என்று ஒருத்தி கத்தினாள். றுக்கியா என்று பிறகு பெயர் சொன்னாள்.

யார் போனார்கள்? எங்கள் கந்தோர்த் துரை முத்துலிங்கம் கைகட்டியபடி நிற்கிறார். அதிகாரி கமராவைத் தூக்குகிறார். உல்லாசப் பயணிகளுக்கு விடுதி கட்ட இதைவிட நல்ல இடம் இல்லையாம். துரை சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்கிறார் — "இதை ஒருவரும் பாவிப்பதில்லை, சேர்."

ஒருவரும்! கண்ணுக்கு முன்னால் நிற்கிறதுகள் என்ன, கொக்குகளா?

"என்னவாம் புள்ள?" என்று றுக்கியா என்னைக் கேட்டாள்.

"ஆறு வடிவாம் எண்டு சொல்லும்" என்று துரை என் காதுக்குள் சொன்னார்.

நான் உள்ளதைச் சொன்னேன். "இஞ்ச விடுதி கட்டப் போகினமாம். இந்தத் துறையை ஒருவரும் பாவிக்கிறேல்லையாம்."

றுக்கியா தண்ணீருக்குள் நின்றபடியே துரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நாங்க ஆரு?" என்றாள்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொன்னேன். பிறகு ஆண்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றேன். "ஐயா, திரும்பி நில்லுங்கோ. அவையள் கரையேற வேணும்."

முதலில் திரும்பியவர் கொழும்புக்காரர். எங்கள் ஆள்தான் கடைசி.

திரும்பி வரும்போது லோஞ்சில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

ஜூன் 11

"உமக்கு வாய் கூடிப்போச்சு. நீர் தற்காலிகம் எண்டதை மறக்க வேண்டாம்" என்றார் துரை. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவாராம். எதற்கு மன்னிப்பு? குளிக்கிற பெண்களைப் பார்க்காதே என்றதற்கா? வெக்கங்கெட்ட மனுசன்!

"கேட்டிட்டு வாவன், ஒரு சொல்லுத்தானே" என்கிறார் அக்கா. அவரோடும் சண்டை.

ஜூன் 14

கேட்கவில்லை.

ஜூன் 18

காலை லோஞ்சில் மூதூர்ப் பெண்கள் வந்து இறங்கிவிட்டார்கள். கந்தோர் விறாந்தை முழுக்க அவர்கள்தான். முன்னால் றுக்கியா.

"ஒருத்தரும் இல்லாத எடத்துல இருந்து வந்திரிக்கம் எண்டு ஒங்கட துரைக்கிட்டச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல். துரை பின்கதவால் போய்விட்டார். அவர்கள் பின்னேரம்வரை அசையவில்லை. கடைசியில் செய்தி எட்டி, கொழும்பு அதிகாரியே தொலைபேசியில் வந்தார். றுக்கியா பேசப் பேச நான் மொழிபெயர்த்தேன். என் குரல் அவளுடையதைவிட உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். உயரட்டும்.

ஜூலை 8, ஞாயிறு

தனியாக மூதூருக்குப் போனேன். விடுதியைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோகிறார்களாம். துறையில் நன்றாக முழுகினேன். றுக்கியா முதுகு தேய்த்துவிட்டாள். முரட்டுக் கை, தோல் எரிந்தது. மத்தியான லோஞ்சுக்கு நேரமாகிறது என்று எழும்பினேன்.

"நாளைக்குக் கந்தோரா?"

"இல்லை" என்றேன். "இனி இல்லை. துரை நிப்பாட்டிப்போட்டார்."

அவள் என் கையைப் பிடித்துத் திரும்பவும் இருத்தினாள்.

"அப்ப பின்னேர லோஞ்சில போங்க" என்றாள். "மீன் பொரிக்கன்."