ஓவியர் போட்ட நாற்காலி

என் பல்டிக்காரனுக்கு,

லியோனில் உன் சர்க்கஸ் ஆட்டம் முடியப் பத்து நாள் இருக்கிறதாம். அதுவரை எனக்குப் பொறுமை கிடையாது.

இங்கே மோன்மார்த்ரில் ஓர் ஓவியர் நம் குடும்பத்தை வரைகிறார். யாரும் சிரிக்கக் கூடாதாம்! நான் நாற்காலி கேட்டேன்.

"கயித்துல நடக்குறவளுக்குத் தரையில நிக்க முடியலையா?" என்றார் உன் அப்பா.

"தலை சுத்துது மாமா."

ஓவியர் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு எங்களை எண்ணினார். "அஞ்சு பேர்தானே?"

"ஆறுன்னு போடுங்க" என்றேன்.

நான் உட்காரும் முன்பே மாமா அதன்மேல் துள்ளிக் குதித்ததில் நாற்காலி உடைந்தது. நான் கயிற்றிலிருந்து விழுந்த வருடம், இனிக் குழந்தையா என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினாரே, அதை மறந்துவிடு.

மாமா அன்றே என் கயிற்றை அவிழ்த்து வண்டிக்குள் தொட்டில் கட்டிவிட்டார். இப்போதைக்கு அதில் நம் நாய் தூங்குகிறது. சீக்கிரம் வந்து இறக்கிவிடு.

தரையில் நடக்கும்
உன் கயிற்றுக்காரி